கொடுங்கோன்மையும் அயல்நாடும்

நாம் கல்வி பயின்ற மிசன் கல்லூரியிலே காலைவேளையில் வேதாகம வகுப்பொன்று நடப்பதுண்டு. நெற்றியில் நீறணிந்து சென்ற நாமும் பின்வாங்கில் அமர்ந்து அதனைக் கேட்டிருக்கிறோம். அங்கே கேட்ட கதைகளுள் இன்றும் மனத்தை விட்டகலாத கதை ஒன்றுண்டு. தனக்கு அயலான் யாரென்று நியாயசாத்திரி ஒருவன் வினவினான். அதற்கு விடையாக, கள்வர் கையில் அகப்பட்டு வழியோரத்திற் குற்றுயிராய்க் கிடந்த ஒருவனையும், அவனைக் கண்டும் காணாதவர்போல் விலகிச் சென்ற இருவரையும், நின்று உதவிய சமாரியன் ஒருவனையும் பற்றிச் சொல்லப்பட்ட கதை அது.

வரலாற்று மாணவராகிய பின் அக்கதையை நினைக்குந்தோறும் எமக்கு வேறு சில வினாக்கள் எழுகின்றன. அடிபட்டவன் ஒருவனாக இல்லாமல் ஏறத்தாழ ஒரு கோடிப் பேராக இருந்தால் என் செய்வது? அவர்களை அடித்தவர் வழிப்பறிக் கள்வராக இல்லாமல் அவர்களுடைய சொந்த அரசாங்கமாகவே இருந்தால்? அவர்கள் வழியோரத்திற் கிடவாமல் எழுந்து நடந்து அயலானுடைய முற்றத்துக்கே வந்துவிட்டால்? அப்போது அயலான் செய்யவேண்டியது யாது? அவனாற் செய்யக்கூடியதுதான் யாது?

எமது யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் ஒரு வளவுக்கும் மறு வளவுக்கும் இடையே கிடுகு வேலி இருக்கும். வேலிக்கு உள்ளே நடப்பது அவரவர் வீட்டு விவகாரம். அதில் அயலவர் வாய்வைத்தல் ஆகாது என்பது பெரியோர் வகுத்த ஒழுங்கு. நல்ல ஒழுங்குதான். ஆயினும் அடுப்பங்கரையில் மூண்ட தீ வேலிக் கிடுகைப் பற்றிய பின்னரும் அது அவர் வீட்டு விவகாரம் என்று சாய்மனைக் கதிரையிற் சாய்ந்திருப்பார் எவருமில்லர்.

நாடுகளுக்கிடையிலும் அத்தகைய வேலி உண்டு. இறைமை என்று அதற்குப் பெயர். ஒரு நாட்டின் உள்நாட்டு அதிகாரத்துக்குட்பட்ட விடயங்களில் ஐக்கிய நாடுகள் சபை தலையிடலாகாது என்று அச்சபையின் சாசனம் தன் 2ஆம் உறுப்புரையிற் கூறுகின்றது. எம்முடையது போன்ற சிறு நாடுகளுக்கு அவ்விதி ஓர் அரண் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தன் குடிகளைத் தானே வதைக்கும் அரசும் அதே அரணுக்குள்தான் ஒளிந்துகொள்கின்றது. உள்நாட்டு விவகாரம் என்னும் சொல் எங்கே முடிந்து, அயல்நாட்டின் துயரம் எங்கே தொடங்குகின்றது என்பதை 1971ஆம் ஆண்டின் வங்காளத்தைப்போல் தெளிவாகக் காட்டிய நிகழ்ச்சி அண்மைக்கால வரலாற்றிற் குறைவு. அதனையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

மொழியில் மூண்ட தீ

1947இற் பிறந்த பாகிஸ்தான் இரு துண்டுகளாலான நாடு. மேற்குத் துண்டுக்கும் கிழக்குத் துண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் மைல் அகல இந்திய நிலம் கிடந்தது. நாட்டு மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் கிழக்கில் வாழ்ந்த வங்காளிகள். எனினும் தலைநகர், படை, பெரும்பதவி, கருவூலம் யாவும் மேற்கிலேயே இருந்தன.

1948 பெப்ரவரியில் பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபையிலே கொமில்லா நகரத்து வழக்கறிஞர் தீரேந்திரநாத் தத்தா எழுந்து ஒரு சிறு திருத்தத்தைப் பிரேரித்தார். ஆங்கிலத்துடனும் உருதுவுடனும் வங்காள மொழியையும் சபையின் மொழியாக ஏற்கவேண்டும் என்பதே அது. பெரும்பான்மையோரின் மொழியைச் சபையிற் பேசவிடுங்கள் என்பதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. சபை அதனை நிராகரித்தது. அடுத்த மாதம் டாக்காவுக்கு வந்த ஜின்னா, பாகிஸ்தானின் அரசகரும மொழி உருது ஒன்றே என்று மாணவர் முன்னிலையில் அறிவித்தார். உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டோர் அந்நாட்டிற் பத்திலொரு பங்கினர்தாமும் இலர் என்பதை இங்கே குறிப்பிடல் வேண்டும்.

1952 பெப்ரவரி 21ஆம் நாள் தடையுத்தரவை மீறி ஊர்வலம் வந்த மாணவர்மீது டாக்காவிற் பொலிசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். அன்று மாண்டோரின் நினைவாகவே அந்நாளை 1999இல் யுனெஸ்கோ உலகத் தாய்மொழி நாளாகப் பிரகடனஞ் செய்தது. வங்காள மொழிக்கு அரசியலமைப்பில் இடம் கிடைத்தது 1956இல். அவ்வாண்டை எமது நாட்டு வாசகர் வேறொரு மொழிச் சட்டத்தால் நினைவிற் கொண்டிருப்பர். அதனைப்பற்றி ஈண்டு விரித்தல் வேண்டா.

மொழிக்கு இடம் கிடைத்தும் ஆட்சியில் இடம் கிடைக்கவில்லை. 1958இல் அயூப்கான் இராணுவ ஆட்சியை நிறுவினார். 1966இல் ஷேக் முஜிபுர் ரகுமான் ஆறம்சத் திட்டமொன்றை முன்வைத்துக் கிழக்குக்குத் தன்னாட்சி கோரினார்; அதன் பயனாகச் சிறையும் சதிவழக்கும் கண்டார். 1969இல் அயூப்கான் விலக, யாஹியாகான் அவ்விடத்துக்கு வந்தார். 1970 நவம்பரில் வங்கக் கரையைத் தாக்கிய பெரும்புயலில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்போதும் தூரத்து அரசாங்கம் காட்டிய அசட்டை மக்கள் மனத்தில் ஆறாத புண்ணாயிற்று.

அடுத்த மாதமே பொதுத் தேர்தல் வந்தது. கிழக்குக்குரிய 162 பொது ஆசனங்களில் 160ஐ முஜிபுரின் அவாமி லீக் வென்றது. 300 பொது ஆசனங்களைக் கொண்ட சபையில் அது தெளிவான பெரும்பான்மை. சனநாயக முறைப்படி முஜிபுர் பிரதமராகியிருக்க வேண்டும். ஆனால் 1971 மார்ச் 1ஆம் நாள் யாஹியாகான் சபையின் கூட்டத்தை ஒத்திவைத்தார். வாக்குச் சீட்டினாற் பெற்ற ஆட்சியைத் துப்பாக்கியாற் பறிப்பதற்கு அந்த ஒத்திவைப்பே முகவுரையாயிற்று.

மார்ச் 25ஆம் நாள் இரவு

மார்ச் 25ஆம் நாள் நள்ளிரவை அண்டி டாக்கா நகரத் தெருக்களில் இராணுவத் தாங்கிகள் இறங்கின. அவை சென்ற இடங்களுள் ஒன்று பல்கலைக்கழகம். பல்கலைக்கழக மாணவராகிய எமக்கு இப்பகுதியை எழுதும்போது கை தயங்குகின்றது. சிறுபான்மை மதத்து மாணவர் தங்கியிருந்த ஜகந்நாத மண்டபம் என்னும் விடுதி பீரங்கியாற் தாக்கப்பட்டது. உயிரோடு அகப்பட்ட மாணவர் மைதானத்தில் வரிசையாக நிறுத்திச் சுடப்பட்டனர். மெய்யியற் பேராசிரியர் கோவிந்த சந்திர தேவ் தம் இல்லத்திற் கொல்லப்பட்டார். ஆங்கில விரிவுரையாளர் ஜோதிர்மய குஹதாகுர்தா குண்டடிபட்டுச் சில நாட்களில் உயிர் நீத்தார். மாணவர் கடனுக்குத் தேநீர் குடித்து அரசியல் பேசிய சிற்றுண்டிச்சாலையின் உரிமையாளர் மதுசூதன் தே என்பவரையும் படையினர் விட்டுவைக்கவில்லை. தேநீர் விற்றவர் என்ன குற்றஞ் செய்தார்? மாணவர் கூடிப் பேச இடங்கொடுத்தார்; அவ்வளவே.

முஜிபுர் கைதாகி மேற்குக்குக் கொண்டுசெல்லப்பட்டார். டாக்காவிலிருந்த வெளிநாட்டு நிருபர்களை ஒரு விடுதியிற் தடுத்துவைத்து நாட்டைவிட்டு அனுப்பினர். சில நாட்களில் கொமில்லாவிலே 84 வயது முதியவராகிய தீரேந்திரநாத் தத்தாவை அவருடைய மகனுடன் இராணுவத்தினர் பிடித்துச் சென்றனர். இருவரும் மீளவில்லை. இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சபையில் எழுந்துநின்று ஒரு திருத்தம் பிரேரித்தவரையும் அந்த அரசு மறக்கவில்லை என்பதை இதனால் அறியலாம்.

இது இந்துக்களை மட்டும் தாக்கிய கொடுமை என்று கொள்ளுதல் பிழையாகும். மாண்டோரில் வங்காள முஸ்லிம்கள் மிகப்பலர். பொலிசார், விவசாயிகள், ஆசிரியர், வைத்தியர் எனப் பேதமின்றிக் கொல்லப்பட்டனர். மாண்டோர் தொகை முப்பது இலட்சமென வங்காளதேசம் கூறும். அதனிற் குறைத்துக் கணிப்பாரும் உளர். ஆயினும், இந்துக்களை அவர்கள் இந்துக்கள் என்ற காரணத்துக்காகவே தேடிப்பிடித்தனர் என்பதும் மறைத்தற்கியலாத உண்மை. கராச்சிப் பத்திரிகையாளராகிய அந்தனி மஸ்கரேனாஸ், தம் குடும்பத்தை முதலிற் பாதுகாப்பாக வெளியேற்றிவிட்டு, தாம் நேரிற் கண்டவற்றை 1971 ஜூன் 13ஆம் நாள் இலண்டன் சண்டே ரைம்ஸ் பத்திரிகையில் எழுதினார். உலகம் அதன் பின்னரே விழித்துப் பார்த்தது.

எல்லையைக் கடந்த வெள்ளம்

இனி, வேலிக்கு மறுபுறம் நடந்ததைப் பார்ப்போம்.

ஏப்ரில் மாதத்தில் மக்கள் நடக்கத் தொடங்கினர். தலையிற் பானை, இடுப்பிற் குழந்தை, தோளில் நடக்கமாட்டாத தாய் அல்லது தந்தை. இப்படியே ஜெஸ்சோர் வீதி வழியாகவும், வயல் வரம்புகள் வழியாகவும், ஆறுகளைக் கடந்தும் வந்தனர். ஓரிரண்டு நாளல்ல, எட்டு மாதங்களுக்கு மேலாக இந்த வெள்ளம் ஓயவில்லை. 1971 டிசெம்பர் நடுப்பகுதியில் இந்தியாவிற் பதிவான அகதிகளின் தொகை ஏறத்தாழ 99 இலட்சம். அவர்களுள் ஏறத்தாழ 75 இலட்சம் பேரை மேற்கு வங்காளமும், 14 இலட்சம் பேரைத் திரிபுராவும், ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை மேகாலயாவும், மூன்று இலட்சம் பேரை அசாமும் ஏற்றன. முகாம்கள் எண்ணூறுக்கு மேற்பட்டன. முகாமிற் புகாது உறவினர், நண்பர் வீடுகளிற் தங்கியோர் மட்டும் 30 இலட்சத்துக்கு மேற்பட்டோர்.

இவ்வெண்களை ஒரே மூச்சில் வாசித்துவிட்டுப் போதல் எளிது. ஆதலால் திரிபுராவை மட்டும் சிறிது நின்று நோக்குவோம். மூன்று பக்கமும் கிழக்குப் பாகிஸ்தானாற் சூழப்பட்ட சிறு மாநிலம் அது. 1971ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 15½ இலட்சம். அங்கே வந்து சேர்ந்தோர் 14 இலட்சம். அதாவது, ஐந்து பேர் உண்ணும் வீட்டுக்கு மேலும் நால்வர், நாளை போகிறோம் என்றும் சொல்லமுடியாதவராய், வந்து அமர்ந்தது போலாயிற்று. பள்ளிக்கூடங்கள் அகதிகளுக்கு உறைவிடமாயின. ஆகவே பிள்ளைகளின் படிப்பு நின்றது. வைத்தியசாலைக் கட்டில்கள் நிறைந்து நோயாளர் நிலத்திற் கிடந்தனர். எல்லைக்கு அப்பாலிருந்து எறியப்பட்ட குண்டுகள் அகர்தலா நகரிலும் விழுந்தன. டாக்காவில் இட்ட கட்டளைக்குத் திரிபுராவின் ஏழைக் குடியானவன் வரி செலுத்தினான் என்று சொல்லுதல் மிகையாகாது.

கல்கத்தாவின் கிழக்கே உப்பேரி நிலத்தைத் தூர்த்து அமைத்துக்கொண்டிருந்த புதுநகரில் பெரியதொரு முகாம் எழுந்தது. இடம் போதாமையால், நிலத்தடியிற் பதிப்பதற்கெனக் கொண்டுவந்து போட்டிருந்த பெரிய கொங்கிரீட்டுக் குழாய்களுக்குள்ளே குடும்பங்கள் குடியிருந்தன. அக்குழாய்களின் வாயில் அமர்ந்திருக்கும் தாயரையும் சேயரையும் அக்காலத்துப் புகைப்படங்களில் இன்றும் காணலாம்.

மழை தொடங்கியதும் வாந்திபேதி வந்தது. எல்லையோரப் பட்டினமாகிய பங்காவ்ன் வைத்தியசாலையில் நோயாளர் கிடந்த தரையெங்கும் அழுக்கு நீர் தேங்கிற்று. நாளத்தில் ஏற்றும் சேலைன் முடிந்துபோயிற்று. ஏற்றத் தெரிந்தோரும் போதவில்லை. அவ்வேளையில் வைத்தியர் திலீப் மஹலனாபிஸ் என்பார் துணிந்து ஒரு முடிவு செய்தார். குளுக்கோசு, கறியுப்பு, அப்பச்சோடா ஆகிய மூன்றையும் அளவாகப் பொதிசெய்து, நீரிற் கரைத்து, நோயாளியின் உறவினர் கையிலேயே கொடுத்து, வாய்வழியாகப் பருக்கச் சொன்னார். முன்னர் நூற்றுக்கு முப்பதளவில் இருந்த சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. உலக சுகாதார நிறுவனம் பிற்காலத்தில் இம்முறையை எங்கும் பரப்பியது. எமது நாட்டில் வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்குத் தாய்மார் கரைத்துக் கொடுக்கும் ஜீவனிப் பொதி அந்த வழிவந்ததே. அம்மருந்தை ஆய்வுகூடங்கள் முன்னரே அறிந்திருந்தன. அதன் ஆற்றலை உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டிய இடம் அகதிகளின் கூடாரம்.

அயலவர் கொடுத்த விலை

விருந்தோம்பல் என்பது தமிழர் பெரிதும் போற்றும் அறம். ஆயினும் விருந்தோம்பும் வீட்டிலும் அரிசிப் பானைக்கு அடியுண்டு. அந்த ஆண்டின் பிற்பகுதியில் இந்திய அரசு அகதிகள் நிவாரணத்துக்கெனப் புதிய வரிகள் விதித்தது. புகையிரதப் பயணச் சீட்டிலும் விமானப் பயணச் சீட்டிலும் வரி ஏறியது. நவம்பர் முதல் தபாலிற் சேர்க்கும் கடிதத்தில் வழக்கமான முத்திரையுடன் ஐந்து பைசா அகதி நிவாரண முத்திரையும் ஒட்டவேண்டியதாயிற்று. தூரத்து ஊரொன்றிலிருந்து கல்லூரி விடுதியிலுள்ள மகனுக்குக் கடிதம் எழுதிய தாயும் அந்த ஐந்து பைசாவைக் கொடுத்தாள். அவள் யாஹியாகானை அறியாள், டாக்காவையும் கண்டிராள். ஒரு நாட்டின் கொடுங்கோன்மை இன்னொரு நாட்டின் கடிதவுறை மீதும் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

பணச் செலவிலும் பெரியதோர் அச்சம் இந்திய அரசின் மனத்தில் இருந்தது. வந்த அகதிகளுட் பெரும்பான்மையோர் இந்துக்கள். இவ்வுண்மையைப் பறைசாற்றினால், இந்தியாவிலுள்ள முஸ்லிம்கள்மீது சிலர் பழிவாங்க முற்படலாம். பிரிவினைக் காலத்துப் படுகொலைகள் மீண்டும் நிகழலாம். ஆகவே அரசு அகதிகளின் மதக் கணக்கைப் பெரிதுபடுத்தாது, வங்காள மக்கள்மீது நடந்த கொடுமை என்றே பேசிற்று. அதனால் அகதிகளின் துன்பத்தில் ஒரு பகுதி உலகுக்கு மறைந்தது உண்மையே. ஆயினும் நிரபராதிகள் பலரின் உயிர் காக்கப்பட்டதும் உண்மை. அயல்நாட்டுக் கொடுமை தன் நாட்டு அயலவர்க்கிடையே பகையாக முளைக்காதபடி காத்தல் ஓர் அரசின் பெருங்கடமை. அக்கடமையை அன்று அவர்கள் நிறைவேற்றினர்.

1971 மே 24ஆம் நாள் மக்களவையிற் பேசிய பிரதமர் இந்திரா காந்தி, பாகிஸ்தானின் உள்நாட்டுப் பிரச்சினை எனச் சொல்லப்பட்டது இந்தியாவின் உள்நாட்டுப் பிரச்சினையாகவும் ஆகிவிட்டது என்னும் கருத்தைத் தெளிவாக எடுத்துரைத்தார். எமது கருத்தில் அவ்வாண்டின் அரசியல் முழுவதும் அந்த ஒரு கூற்றில் அடங்கும். தன் குடிகளை அடிக்கும் உரிமை தனக்குண்டு என்று ஓர் அரசு வாதிக்கலாம். அடிபட்டவர்க்குச் சோறும் மருந்தும் கொடுக்கும் கடமையை அயலவன் தலையிற் சுமத்தும் உரிமை அதற்கு எங்கிருந்து வந்தது?

வல்லரசுகளோ வழியோரத்து மனிதனை விலகிச் சென்றவரைப் போன்றே நடந்தன. டாக்காவிலிருந்த அமெரிக்கத் துணைத்தூதுவராலய அதிபர் ஆர்ச்சர் பிளட் என்பாரும் அவருடன் பணிபுரிந்தோரும், தம் அரசின் மௌனத்தைக் கண்டித்து ஏப்ரில் 6ஆம் நாள் தந்தியனுப்பினர். ஆனால் அதிபர் நிக்சனுக்கு அப்போது சீனாவுடன் உறவு தேவைப்பட்டது; அதற்குப் பாகிஸ்தானே இரகசிய வழியாக இருந்தது. ஆகவே தந்தி பலன் தரவில்லை. தந்தி அனுப்பியவரே பதவியிடத்தினின்றும் மாற்றப்பட்டார்.

எமது தீவின் பங்கு

பிற நாடுகளின் பிழையைச் சொன்ன நாம் எமது தீவைப் பற்றிச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. 1971 சனவரி முடிவில் இந்திய விமானமொன்று இலாகூருக்குக் கடத்தப்பட்டு அங்கே எரிக்கப்பட்டது. அதன்பின் பாகிஸ்தான் விமானங்கள் தன் வான்வழியே பறத்தலை இந்தியா தடைசெய்தது. ஆகவே கராச்சியிலிருந்து டாக்காவுக்குச் செல்லும் விமானங்கள் இந்தியத் தென்முனையைச் சுற்றி, நேர்வழியின் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட தூரம் பறக்கவேண்டியதாயிற்று. இடையில் எரிபொருள் நிரப்ப ஓரிடம் வேண்டும். அவ்விடம் எமது கட்டுநாயக்கா.

அவ்வழியாகவே சாதாரண உடையணிந்த படையினர் கிழக்குக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மார்ச் 25ஆம் நாளின் பின்னர் இரு டிவிஷன் படைகள் விமானமூலம் சேர்க்கப்பட்டன. எமது அரசு ஒரு கட்சியையும் சாராது எல்லோருக்கும் நண்பராக இருக்கவே விரும்பிற்று. அதே ஏப்ரில் மாதத்தில் எமது நாட்டிலும் இளைஞர் கிளர்ச்சி மூண்டது. அதனை அடக்க இந்தியாவும் ஹெலிகொப்ரர் அனுப்பிற்று. பாகிஸ்தானும் ஹெலிகொப்ரர் அனுப்பிற்று. தன் வீட்டில் தீ எரிகையில் இருபுறத்து அயலவரின் தண்ணீரும் தேவைப்பட்ட ஒரு சிறு நாட்டின் இக்கட்டை நாம் உணர்கின்றோம். ஆயினும் நாம் பெறும் பாடம் இது: அயல்நாட்டுக் கொடுமையில் நடுநிலை என்பது கைகட்டி நிற்பது மட்டுமன்று, எவருடைய விமானத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறோம் என்பதும் அதிற் சேரும். ஜகந்நாத மண்டபத்தின் கதையை வாசிக்கும்போது, அக்கொடுமையை நீடிக்கச் சென்றவர்கள் எமது மண்ணிலும் ஒருமுறை இறங்கி ஏறினர் என்னும் நினைவு எம்மை வருத்துகின்றது.

மீட்சியும் மிச்சமும்

பின்னர் நடந்தவை யாவரும் அறிந்தவை. இந்திய மண்ணிற் பயிற்சி பெற்ற முக்தி பாகினி போராடியது. ஆகஸ்ட் 9ஆம் நாள் இந்தியா சோவியத் ஒன்றியத்துடன் ஒப்பந்தஞ் செய்தது. டிசெம்பர் 3ஆம் நாள் பாகிஸ்தான் விமானங்கள் இந்திய விமானத் தளங்களைத் தாக்கப் போர் மூண்டது. டிசெம்பர் 16ஆம் நாள் டாக்காவிற் பாகிஸ்தான் படை சரணடைந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னர்க்கூட அறிஞர் பலரை வீடு வீடாகப் பிடித்துச் சென்று கொன்றனர். இந்தியா இதனை அறத்துக்காக மட்டுமே செய்தது என்று சொல்ல நாம் துணியோம். பகைநாடு இரண்டாதல் அதற்கு ஊதியமே. ஆனால் அகதிகள் வீடு திரும்பியதும் மெய். 1972 பெப்ரவரி முடிவதற்குள் 90 இலட்சத்துக்கு மேற்பட்டோர் தம் ஊருக்குத் திரும்பினர். இத்துணைப் பெரிய அகதிக் கூட்டம் இத்துணை விரைவில் வீடு சேர்ந்தது வரலாற்றில் அரிது.

அவ்வளவில் கணக்குத் தீர்ந்ததா எனின், தீரவில்லை. 1971இல் வந்த வெள்ளம் வடிந்தது. ஆனால் 1947 முதல் சிறிது சிறிதாகக் கசிந்த நீர் வடியவில்லை. 1950ஆம், 1964ஆம் ஆண்டுக் கலவரங்களின்போதும் இந்துக்கள் பெருந்தொகையாகக் கிழக்கிலிருந்து வெளியேறினர். அதன் பயனைத் திரிபுராவிற் காணலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்மாநிலத்தில் அரைவாசிக்கு மேற்பட்டோராக இருந்த பழங்குடியினர் 1981இல் நூற்றுக்கு இருபத்தெட்டுப் பேராயினர். தம் சொந்த மலைகளிற் சிறுபான்மையினரான அவர்களுட் சிலர் ஆயுதம் ஏந்தினர். அடிபட்டு வந்தவன் தஞ்சம் புகுந்த வீட்டில், முன்னரே அங்கிருந்த ஏழைக்கு இடம் இல்லாமற்போயிற்று. இதில் இருவரையும் குற்றஞ்சொல்ல எமக்கு மனமில்லை. குற்றம் முதலில் துரத்தியவனுடையது.

அசாமிலோ அந்த ஆண்டு சட்டமாகவே நிலைத்துவிட்டது. வெளியாரை எதிர்த்து ஆறாண்டு நடந்த கிளர்ச்சியின் முடிவில், 1985 ஆகஸ்டில் அசாம் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 1971 மார்ச் 25ஆம் நாளும் அதன் பின்னரும் வந்தோர் அந்நியர் என்று அது வகுத்தது. டாக்காவில் தாங்கிகள் இறங்கிய அதே நாள்! ஒரு நாட்டின் தளபதிகள் கொலைக்குக் குறித்த நாள் இன்னொரு நாட்டில் குடியுரிமையின் எல்லைக் கல்லாயிற்று. அந்நாளுக்கு முன்னரே தாமோ தம் முன்னோரோ அங்கிருந்தமையைப் பத்திரங்களாற் காட்டச் சொல்லி எடுத்த குடிமக்கள் பதிவேடு 2019 ஆகஸ்டில் வெளிவந்தபோது, 19 இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பெயர் அதில் இல்லை. யாஹியாகான் 1980இல் இறந்துவிட்டார். அவருடைய ஓர் இரவின் கட்டளையோ இன்றும் பிரமபுத்திரா நதிக்கரையில் ஏழைக் குடியானவனைப் பழைய காணி உறுதியும் வாக்காளர் பட்டியலும் தேட வைக்கின்றது.

முடிவுரை

இவற்றால் நாம் தெளிவது யாது? வள்ளுவர் செங்கோன்மையையும் கொடுங்கோன்மையையும் அடுத்தடுத்த அதிகாரங்களில் வைத்தார். கொடுங்கோலனின் நாடு எவ்வாறு கெடும் என்பதை அங்கே கற்கிறோம். அயல்நாடும் அதனால் எவ்வாறு அலைவுறும் என்பதை 1971 எமக்குக் கற்பித்தது. அடக்குமுறை தொடங்கும் இடம் ஒரு சபையின் கதவு சாத்தப்படும் இடம். ஒரு மொழிக்கு இருக்கை மறுக்கப்படும் இடம். அந்நிலையில் அயல்நாடுகள் நட்போடு எடுத்துரைத்தல் எளிது, செலவும் குறைவு. மக்கள் மூட்டையோடு எல்லைக்கு வந்த பின்னரோ, அயலவர்க்கு எஞ்சுவன கூடாரமும் வரியும் போருமே. 1948இல் தீரேந்திரநாத் தத்தாவின் திருத்தத்தைக் கேட்டவர்கள் அதனை ஏற்றிருந்தால், திரிபுராவின் பள்ளிக்கூடங்கள் 1971இல் மூடப்பட்டிருக்க வேண்டியதில்லை என்றே நாம் எண்ணுகிறோம்.

மற்றொன்று. வங்காளதேசம் பிறந்து அரை நூற்றாண்டு செல்லுமுன் அதுவே விருந்தோம்பும் வீடாயிற்று. 2017 ஆகஸ்ட் முதல் பர்மியப் படையின் கொடுமைக்குத் தப்பி ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட ரோகிங்கிய மக்கள் கொக்ஸ் பசாருக்கு வந்தனர். ஒருகாலத்தில் அயலானின் கூடாரத்தில் உறங்கியவரின் பிள்ளைகள் இன்னொருவருக்குக் கூடாரம் அடித்துக் கொடுத்தனர். எமக்கும் இது தொலைவான கதையன்று. 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின் பின் எம்மவர் பாக்கு நீரிணையைப் படகுகளிற் கடந்து மண்டபம் முகாமின் வாசலில் வரிசையாக நின்றனர். அங்கே பெயர் எழுதிக் கொடுத்தவர்களின் உறவினர் இம்மலரை வாசிப்போரிலும் இருப்பர். நாம் அகதியாகவும் நின்றிருக்கிறோம்; எண்ணெய் ஊற்றியவராகவும் நின்றிருக்கிறோம்.

ஆதலால், இளைஞர்களே, இனி எந்நாட்டுச் செய்தியிலேனும் இது அவர்களுடைய உள்நாட்டு விவகாரம் என்ற சொல்லைக் காணும்போது, பத்திரிகையை மடித்து வைத்துவிடாது ஒரு கணம் நின்று சிந்திப்போமாக. அந்நாட்டின் வேலிக்கு மறுபுறத்தில் வாழும் ஏழை யார் என்று கேட்போமாக. எமது நாட்டிலும், மாற்றாரின் மொழிக்கும் வழிபாட்டுக்கும் சபையில் இருக்கை உண்டா என்று காலந்தாழ்த்தாது கேட்போமாக. அதனைக் காலத்தே கேட்பவனே நல்ல குடிமகன்; அவனே நல்ல அயலானுமாவான்.